தீவகத்து மண்ணும் பலர் கூடிய ஆராய்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சங்கப் பாடல்களின் அகத்துறையையோ கம்பனின் கவிநயத்தையோ எடுத்துப் பேசுவது மரபு. செவிக்கு விருந்தாக அமைவன அவை. இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய சுவையுடையதன்று. உப்புக் காற்றும், சுண்ணக்கல்லும், உடைந்த ஓடும், சிப்பிக் குவியலுமே அதன் உள்ளடக்கம். யாழ்ப்பாணத்தின் அருகே கடலில் கிடக்கும் சிறு தீவுகளில் பழங்காலத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், அந்நிலமும் நீரும் அவர்களை எவ்வாறு வாழவைத்தன என்பதனைப் பல துறையாரும் பல நாட்டாரும் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியைப் பற்றியே பேச விரும்புகிறேன். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில், கடற்காற்றே வீசாத இப்பெங்களூரில் அமர்ந்துகொண்டு இலங்கையின் வடகடல் தீவுகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். கன்னட நாட்டிற்கும் அவ்வாராய்ச்சிக்கும் உள்ள உறவு சிறிதன்று. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும், வேலணை, காரைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என ஏழு தீவுகள் உள்ளன. மண்டைதீவையும் சேர்த்து எட்டு என எண்ணுவாரும் உளர். காரைதீவு இக்காலத்தில் காரைநகர் எனப்படுகிறது. இத்தொகுதி முழுவதையும் அந்நாட்டார் ‘தீவகம்’ என்று ஒரே சொல்லால் வழங்குவர். 1658ஆம் ஆண்டில் போர்த்துகீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் ஆங்கில ஏடுகளில் இன்றும் நிலைத்து நிற்கிறது. மற்றப் பெயர்கள் மக்கள் நாவில் ஏறவே இல்லை. ஆளவந்தார் சூட்டும் பெயர்களுக்குப் பெரும்பாலும் இதுவே கதி.

இத்தீவுகள் என்றும் தீவுகளாகவே இருந்தன என்று கொள்ளுதல் கூடாது. பாக்கு நீரிணை மிக ஆழமற்ற கடல். உலகில் பனி மிகுந்திருந்த காலத்தில், இற்றைக்கு ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றுள்ள மட்டத்திற்கு 120 மீட்டர் அளவு கீழே நின்றது. அக்காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைக்குக் காலால் நடந்து செல்லலாம். பனி உருகக் கடல் ஏறிற்று. ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இரு நிலங்களும் பிரிந்தன என்பது நிலநூலார் கருத்து. ஆகவே தீவகத்து மக்கள் கடலைத் தேடிச் சென்றனரா, கடல்தான் மக்களைத் தேடி வந்ததா என்னும் வினா பொருளற்ற வினாவன்று. புதைபொருள் ஆராய்ச்சியாளன் ஒருவன் தனித்து நின்று அதற்கு விடை கூற முடியாது. கடலின் ஏற்ற இறக்கத்தை அளந்தவன் அவனருகே நிற்றல் வேண்டும்.

நீரின் கதையும் அத்தகையதே. தீவகத்தில் ஆறு இல்லை, மலை இல்லை. அடியில் இருப்பது சுண்ணக்கல். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழைநீர் அக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே ஊறி நிற்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. உப்புநீர் கனமுடையது, நன்னீர் இலேசானது. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி உயரத்திற்கு நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு அந்நன்னீர் இருக்கும் என்பது நீரியலாரின் கணக்கு. இக்கணக்கை மறுவழியாகப் பாருங்கள். மேலே ஓரடி நீரை மிகுதியாக இறைத்துவிட்டால், கீழிருந்து நாற்பதடி உப்பு ஏறிவிடும். இதனைப் புத்தகத்தில் படியாமலே தீவகத்தார் அறிந்திருந்தனர். ஆழக் கிணறு வெட்டாமல், மணற்பாங்கில் ஆழங்குறைந்த பூவல்களைத் தோண்டி, மேலே நிற்கும் நீரை மட்டும் மெல்ல முகந்தனர். மாட்டிற்குத் துரவு, மழைநீரைத் தேக்கக் கேணி, குளம் என ஒவ்வொன்றற்கும் ஒவ்வொரு பெயர் வைத்தனர். பழங்குடியிருப்பு எங்கே இருந்திருக்கும் என்று தேடுவோர் நன்னீர் எங்கே நிற்கிறது என்று முதலில் தேடுதல் வேண்டும்.

பல துறையார் கூடி ஆராய்தல் என்றால் என்ன என்பதற்கு உலகின் மற்றொரு மூலையிலிருந்து எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஐரோப்பாவின் வடகடலில் ஆர்க்னி, செட்லாந்து, பாரோ, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து எனத் தீவுகள் தொடர்ந்து செல்கின்றன. ஆர்க்னியில் 1850ஆம் ஆண்டில் வீசிய பெரும்புயல் கரைமணலைப் பெயர்த்தெறிய, ஐயாயிரம் ஆண்டு பழமையான கற்குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. ஸ்காரா பிரே என்பது அதன் பெயர். புயல் காட்டிய ஊரை இன்று புயலே தின்றுவிடாதபடி கடற்சுவர் கட்டிக் காத்து வருகின்றனர். அத்தீவுகளை எல்லாம் சேர்த்து ஆராய்வதற்காக 1990களின் தொடக்கத்தில் வட அட்லாண்டிக் நாட்டு அறிஞர்கள் ஒரு கூட்டமைப்பை நிறுவினர். அவர்கள் செய்தது என்ன? குப்பைமேட்டைத் தோண்டினர். பொன்னுக்காக அன்று, மீன்முள்ளுக்காகவும் ஆட்டெலும்புக்காகவும் தோண்டினர். எலும்பறிந்தவர் எலும்பைப் பார்த்தார். மகரந்தம் அறிந்தவர் சேற்றைப் பார்த்தார். ஐஸ்லாந்தின் முதற் குடியேற்றத்தோடு ஒட்டிய எரிமலைச் சாம்பற் படிவு ஒன்றனை, கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் படிந்த சாம்பலோடு ஒப்பிட்டு, அது கி.பி. 870களைச் சேர்ந்தது என்று நிறுவினர். கிரீன்லாந்தில் நார்வே நாட்டார் வாழ்ந்த குடியிருப்புகளைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் கடைசிச் செய்தி 1408ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு திருமணம். அதன்பின் எழுத்து நின்றது, எலும்பு பேசிற்று. அம்மக்கள் வரவர ஆட்டிறைச்சியைக் குறைத்துச் சீல் என்னும் கடல்விலங்கின் இறைச்சியை மிகுதியாக உண்டனர் என்பதனை அவர்தம் எலும்பின் கூறுகளே காட்டின. மன்னர் வரலாற்றில் இடம்பெறாத மக்களின் அடுக்களை வரலாறு இங்ஙனம் வெளிப்பட்டது.

நம் வடகடல் தீவுகளுக்கு இத்துணைப் பேறு கிட்டவில்லை. எனினும் ஒன்றுமே நடைபெறவில்லை என்று கூறுதல் நன்றியின்மையாகும்.

குடாநாட்டின் கந்தரோடையில் 1917ஆம் ஆண்டளவில் பால் பீரிசு என்பார் தொடக்க ஆய்வைச் செய்தார். 1970இல் அமெரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் அங்கே அகழ்ந்தனர். கறுப்பு சிவப்பு மட்கலங்களும், உட்புறத்தில் சக்கரக் கோலமிட்ட உரோலெட் மட்கல ஓடுகளும் கிடைத்தன. இங்கேதான் கன்னட நாடு கதையினுள் வருகிறது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்து, இத்தாலி நாட்டு மட்கலங்களின் துணையால் இவ்வுரோலெட் ஓட்டின் காலத்தை அறிந்தார். 1947இல் அவர் சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரமகிரியிலும் சந்திரவள்ளியிலும் அகழ்ந்தார். அரிக்கமேட்டில் காலம் அறிந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிரமகிரியின் பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்குக் காலம் குறித்தார். தென்னிந்தியப் புதைபொருள் ஆராய்ச்சிக்கு முதன்முதல் கிடைத்த நாழிகை வட்டில் அதுவே. நம் ஊரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று வரத்தக்க தொலைவில் உள்ள அவ்விடங்களை இங்குள்ள தமிழரில் எத்தனை பேர் கண்டிருப்பர்?

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் 1974இல் தொடங்கிய பின்னர், ஆராய்ச்சி உள்ளூராரின் கைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டின் இறுதியில் ஆனைக்கோட்டையில் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் அகழ்ந்தோர், பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில் சிறு முத்திரை ஒன்றனைக் கண்டெடுத்தனர். மேல் வரியில் குறியீடுகள். கீழ் வரியில் பிராமி எழுத்துகள். எழுத்தறியாக் காலமும் எழுத்தறிந்த காலமும் கைகோத்து நிற்கும் பொருள் அது. அவ்வகழ்வில் உடனிருந்த பொன்னம்பலம் இரகுபதி, தீவகத்தையும் குடாநாட்டையும் சுற்றி, எங்கெங்கே ஓடு கிடக்கிறது, எங்கே தாழி கிடக்கிறது என்று கணக்கெடுத்தார். அவ்வாய்வை அவர் முனைவர் பட்டத்திற்காக அளித்தது மைசூர்ப் பல்கலைக்கழகத்தில். யாழ்ப்பாணத்தின் பழங்குடியிருப்புகள் பற்றிய அந்நூல் 1987இல் சென்னையில் அச்சாயிற்று. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பகுதியை ஆராய்ந்து எழுதிய தமிழ் நூல் 1993இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. அவ்வாண்டுகளில் ஆங்கு நடந்துகொண்டிருந்தது போர் என்பதனை நினைவில் கொள்ளுங்கள். அந்நிலையில் ஓடு பொறுக்கி நூல் எழுதுதல் எளிய செயலன்று.

இனித் தீவுகளுக்குள் செல்வோம்.

வேலணைத் தீவின் கீழ்க்கோடியில், யாழ்ப்பாண நகரை நோக்கியபடி அல்லைப்பிட்டி என்னும் சிற்றூர் உள்ளது. 1977இல் ஜான் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் அங்கே சீன நாட்டு மட்கல ஓடுகளை மிகுதியாகக் கண்டார். சோங் அரசர் காலத்தில், பதினொன்று பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில், தென்சீனத்துச் சூளைகளில் வெந்த கலங்கள் அவை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், சீனத்தின் சாங்காய் அருங்காட்சியகத்தாரும் இலங்கையின் மத்திய கலாசார நிதியத்தாரும் சேர்ந்து அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்தனர். ஓட்டைச் செய்த நாட்டார், ஓடு வந்து சேர்ந்த நாட்டில் வந்து தோண்டுதல் பொருத்தமே.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த மற்றொரு சான்று நயினாதீவில் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் இந்நயினாதீவே என்பார் உளர், மறுப்பாரும் உளர். அவ்வழக்கினுள் இன்று யான் புகவில்லை. நயினாதீவில் கல்லில் வெட்டப்பட்ட அரசாணை ஒன்று உண்டு. அது 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. இந்திரபாலா அதனைப் படித்து 1963இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பெறும் என்றும் அது கூறுகிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நான்கில் ஒரு கூறு அரசுக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. விலங்கு ஏற்றி வந்தவனுக்கு அரசன் மிகுதியாக விட்டுக்கொடுத்தான் எனின், போர்க்கு வேண்டிய குதிரை வணிகன் மீண்டும் வரவேண்டும் என்னும் நாட்டம் அவனுக்கு இருந்திருத்தல் வேண்டும். ஆணை தமிழில் உள்ளது. சிங்கள மன்னன் ஏன் தமிழில் வெட்டுவித்தான்? அத்துறைக்கு வந்து போனவர்க்கும் அத்துறையைக் காத்தவர்க்கும் புரியும் மொழி அதுவாக இருந்தமையால் எனக் கொள்வதே நேர்மை.

இவ்வாணையை இயற்கை நூலார் படிக்கும் முறை வேறு. கலம் உடைதல் அடிக்கடி நிகழாவிடில் அதற்கென்று ஒரு சட்டம் எதற்கு? ஆழங்குறைந்த கடல், நீருள் மறைந்த கற்பார், பருவத்திற்குப் பருவம் திசை மாறும் காற்று, இடம்பெயரும் மணல்திட்டு என அக்கடலின் குணம் முழுவதும் அவ்வரிகளில் மறைந்து கிடக்கிறது. அல்லைப்பிட்டியின் சீன ஓடுகள் அங்ஙனம் உடைந்த கலம் ஒன்றின் சரக்கோ, அன்றிப் பண்டகசாலையில் உடைந்து கழிந்தனவோ என்னும் கேள்வி எழுகிறது. கல்வெட்டையும் ஓட்டையும் உடனே முடிச்சுப் போட்டுவிட நம் மனம் விரைகிறது. இரு சான்றுகளுக்கும் இடையே கடல் இருக்கிறது, பல்லாண்டுகளும் இருக்கலாம். முடிச்சுப் போடுவதற்கு முன் கரைமண்ணின் படிவுகளை ஆராய்ந்தவரின் சொல்லைக் கேட்பதே முறை.

தமிழகத்துத் திருவாலங்காட்டில் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கிறது. அதுவும் இதே ஊராத்துறையைக் குறிப்பிடுகிறது. பராக்கிரமபாகு ஊராத்துறை, வலிகாமம், மாதோட்டம் முதலிய இடங்களில் படகு கட்டிப் படை திரட்டினான் என்றும், சோழர் தரப்பினர் சென்று அவ்விடங்களை அழித்தனர் என்றும் அது சொல்லுகிறது. கடலின் அக்கரையில் வணிகரை வரவேற்கும் துறையாகத் தோன்றிய ஊர், இக்கரையில் பகைவனின் படகுத்துறையாகத் தோன்றுகிறது. இரு கல்லையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் ஊராத்துறை முழுமையாகத் தெரியும். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகளை நெடுங்காலம் காத்து வைத்திருந்தது 1966 முதல் மைசூரில் இருந்துவரும் இந்தியக் கல்வெட்டுத் துறை அலுவலகம். படிகளைத் தமிழகத்திற்குக் கொண்டு செல்லுதல் வேண்டும் என்னும் வழக்கு நீதிமன்றம் வரை சென்றதும் தாங்கள் அறிந்ததே.

வரலாற்றுக் காலத்தைக் கடந்து பின்னே சென்றால் சிப்பிமேடு வருகிறது. வேலணையில் பழங்காலத்து மக்கள் உண்டு எறிந்த சிப்பிக் குவியல் ஒன்று ஆராயப்பட்டு, அதன் காலம் ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2025இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. சிப்பியோடு கடல்விலங்குகளின் எலும்பும் காட்டுவிலங்குகளின் எலும்பும், கற்கருவிகளும் கிடைத்தன. அக்கருவிகளின் கல், தீவில் கிடைக்கும் கல் அன்று. வெளியிலிருந்து கடல் கடந்து கொண்டுவந்த கல். நீர் அரிது, கல் அரிது, மரம் அரிது. எனினும் மக்கள் வந்தனர், தங்கினர், கடல் தந்ததை உண்டனர். தீவகம் என்பது பிற்காலத்தில் வணிகர் வரவால் மட்டும் உயிர்பெற்ற நிலம் என்னும் எண்ணம் இதனால் தளர்கிறது. சிப்பிகளை எண்ணி வகைப்படுத்தாமல், எலும்பை எலும்பாகப் பாராமல் பழைய முறையில் மட்கலம் மட்டுமே தேடியிருந்தால், அம்மேடு இன்றும் வெறும் சிப்பிமேடாகவே கிடந்திருக்கும். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருந்தாலும் வியப்பில்லை.

மன்னார்த் தீவை எதிர்நோக்கிய மாதோட்டத்திலும் இவ்வாறே. 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் நாட்டின் நிலைமையால் நின்றது. போர் முடிந்தபின் 2009–2010இல் இலங்கைத் தொல்பொருள் துறையாரும் இங்கிலாந்து அறிஞரும் சேர்ந்து மீண்டும் தொடங்கினர். இம்முறை தோண்டிய மண்ணை நீரில் கரைத்தனர். கரியாகிப்போன விதை இலேசானது ஆகலின் மேலே மிதக்கும். அதனை மெல்லிய வலையால் வடித்தெடுக்கலாம். நெல் கிடைத்தது, மிளகு கிடைத்தது, கோதுமையும் கிடைத்தது. கிராம்பு ஒன்றும் கிடைத்தது. கிராம்பு விளையும் மொலுக்கத் தீவுகள் எங்கே, மாதோட்டம் எங்கே! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அடுக்களையிலோ பண்டகசாலையிலோ தவறி விழுந்த ஒரு கிராம்பு, செப்பேட்டுக்கு ஒப்பான சான்றாகி நிற்கிறது.

அன்பர்களே, இவ்வளவும் கூறியபின் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். இலங்கையில் புதைபொருள் என்பது வெறும் அறிவுப் பொருளாக இருந்ததில்லை. நிலத்திற்கு உரிமைப் பத்திரமாக அதனைக் காட்டுவோர் இரு தரப்பிலும் உண்டு. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் இருக்கிறது. நாகதீப விகாரையும் இருக்கிறது. கந்தரோடையின் பௌத்தச் சின்னங்களைக் கண்டு, பௌத்தம் என்றால் சிங்களம் என்று முடிவு கட்டுவாரும் உளர். தமிழர் பௌத்தராக இருந்ததே இல்லை என்று மணிமேகலை பிறந்த மொழியிலேயே மறுப்பாரும் உளர். இரண்டும் பேதைமை. 1965இல் இலண்டனில் அளித்த ஆய்வில், பத்தாம் நூற்றாண்டிற்கு முன் இலங்கையில் தமிழரின் பெருங்குடியிருப்புகள் இருந்தமைக்குச் சான்று இல்லை என்னும் கருத்தைக் கூறிய அதே இந்திரபாலா, பின்னர்க் கிடைத்த சான்றுகளைக் கண்டு அக்கருத்து காலங்கடந்தது என்று 2005இல் வெளியிட்ட நூலில் மாற்றி எழுதினார். முந்திய கருத்தை ஒரு தரப்பினர் நாற்பது ஆண்டு காலம் பிடித்துக்கொண்டிருந்தனர், அவர் பிடித்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சியாளன் மண்ணுக்குக் கடமைப்பட்டவன் என்பதற்கு இதனினும் நல்ல சான்று யான் அறியேன்.

கூட்டாக ஆராய்தல் வேண்டும் என்று யான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். யாழ்ப்பாணக் கோட்டையில் 2017 முதல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தார், இலங்கைத் தொல்பொருள் துறையார், மத்திய கலாசார நிதியத்தார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆகியோர் ஒரே குழியில் இறங்கி வேலை செய்தனர். போர்த்துகீசியர் வருமுன்பே அவ்விடம் கடல்வணிகத் துறையாக இருந்தமைக்கு ஓடுகள் கிடைத்தன. சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே மண்படிவை ஒரே அளவுகோலால் அளந்தால், பின்னர் அதனைப் பற்றிப் பொய் கூறுதல் இருவர்க்கும் அரிதாகும்.

ஆயினும் இக்கூட்டில் ஒருவர்க்கு இன்னும் உரிய இடம் அளிக்கப்படவில்லை. அவர் தீவகத்துக் குடியானவர். 1990ஆம் ஆண்டை ஒட்டிப் போர் காரணமாகத் தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். இலங்கை முழுவதும் கடை வைத்து வாணிகம் செய்த புங்குடுதீவாரின் வழியினர் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். சென்றவர் பலர் திரும்பவில்லை. நெடுந்தீவில் சாந்து இன்றி முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் ஊர் முழுவதும் ஓடுகின்றன. எந்த வேலி எந்தத் தலைமுறையில் எழுந்தது, எந்தப் பூவல் எந்தப் பஞ்சத்திலும் வற்றாதது, சோளகம் வீசும்போது மீன் எப்பக்கம் ஒதுங்கும், கச்சான் காற்றில் எத்துறையில் தோணி விடலாகாது என்பனவெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. ஊரிலே எஞ்சியுள்ள முதியோர் சிலர் நினைவில் இருக்கின்றன. ஓடு மண்ணுக்குள் இன்னும் நூறாண்டு காத்திருக்கும். முதியோர் காத்திரார்.

காத்திராத வேறொன்றும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றாலும் கதிரவன் ஒளியாலும் மின்சாரம் தருவதற்கு இந்திய அரசு நன்கொடை அளிக்க, 2024 மார்ச்சு மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வேலையை ஏற்றுக்கொண்டது நம் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம். இருளில் இருந்த தீவுகளுக்கு விளக்கு வருவதனை மறுப்பவன் மனிதனல்லன். யான் கேட்பது சிறிது. மின்கம்பத்திற்கும் காற்றாடிக்கும் குழி தோண்டுமுன், அக்குழியின் மண்ணை அறிந்தவர் ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்துச் செல்லட்டும். மின்சாரத்தின் துணையால் கிணற்றில் இறைக்கும் பொறி வரும்போது, ஓரடிக்கு நாற்பதடி என்னும் கணக்கை யாரேனும் ஒருவர் நினைவூட்டட்டும். இந்நகரின் பொறிவல்லாரில் நம் தமிழர் எத்தனையோ பேர். அவர்களுள் இத்தகைய வேலைகளில் ஈடுபட்டோர் இக்கூட்டத்திலும் இருக்கலாம்.

சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள். இரகுபதியின் நூலும் புஷ்பரட்ணத்தின் நூலும் நம் நூல்நிலையத்தில் இடம்பெறுதல் வேண்டும். அடுத்த கோடையில் இளைஞரைப் பிரமகிரிக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். அசோகன் கல்வெட்டையும் பெருங்கற்கால ஈமவட்டங்களையும் கண்டால், யாழ்ப்பாணத்துத் தாழி அவர்களுக்கு அயலாகத் தோன்றாது. தீவகத்தில் உறவுடைய குடும்பத்தார் இந்நகரிலும் சிலர் வாழ்கின்றனர். கிணறு, காற்று, மீன், வேலி, வயல் ஆகியவற்றுக்கு அவர்கள் வீட்டுப் பெரியோர் வழங்கும் சொற்களைக் குறித்து வைக்க ஒரு குறிப்பேடு திறக்கலாம் என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் இசைந்து, குறிப்பேட்டை வாசலில் உள்ள மேசைமேல் வைத்திருக்கிறார். பூவல், துரவு என்னும் இரு சொற்களை மட்டும் யான் எழுதியிருக்கிறேன். மற்றப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன.